மிடி வடவழி மின்வழங்கல்

மிடி வடவழி மின்வழங்கல் என்பது, இசைக்கருவிகளுக்கு இடையே எண்ணிமச் செய்திகளை எடுத்துச்செல்லும் மிடி வடத்தில் வேலையின்றி இருக்கும் கம்பிகளின் வழியாக, ஒரு கருவிக்குத் தேவையான மின்சாரத்தையும் சேர்த்து அனுப்பும் முறை ஆகும். இசைக் கலைஞர்கள் இதனை ஃபேண்டம் பவர் என்றே அழைக்கின்றனர். மேடையில் கிதார் கலைஞரின் காலடியில் வைக்கப்படும் கால்மிதிக் கட்டுப்படுத்திக்கு மின்சாரம் வழங்குவதே இம்முறையின் முதன்மையான பயன்பாடு ஆகும். ஒரே வடம் செய்தியையும் மின்சாரத்தையும் கொண்டுசெல்வதால், மேடையின் முன்பகுதி வரை தனியாக மின்கம்பி இழுக்கவோ, கால்மிதியின் அருகே அடாப்டர் வைக்கவோ தேவை ஏற்படுவதில்லை.

இம்முறை மிடி சீர்தரத்தின் பகுதி அன்று. தயாரிப்பாளர்களும் பயனர்களும் தத்தம் தேவைக்கேற்ப உருவாக்கிக்கொண்ட வழக்கமே ஆகும். எந்த முனையில் நேர் மின்சாரம், எந்த முனையில் எதிர் மின்சாரம், எத்தனை வோல்ட் என்பவற்றில் பொதுவான உடன்பாடு இல்லை. ஆகவே இம்முறை சரியாகச் செய்யப்பட்டால் மிகவும் எளிமையானது. கவனமின்றிச் செய்யப்பட்டால் விலையுயர்ந்த கருவிகளைப் பழுதாக்கக் கூடியது.

பின்னணி

மிடி என்பது இசைக்கருவிகளுக்கான எண்ணிம இடைமுகம் எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கம் ஆகும். சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த டேவ் சிமித், சேட் வுட் ஆகியோர் 1981 ஆம் ஆண்டில் இத்தகைய பொது இடைமுகம் ஒன்றை முன்மொழிந்தனர். ரோலண்ட் நிறுவனத்தை நிறுவிய இக்குத்தாரோ காக்கேஹாஷி இம்முயற்சியில் முக்கிய பங்கு வகித்தார். 1983 ஆம் ஆண்டு சனவரி மாதம் அமெரிக்காவில் நடந்த நாம் கண்காட்சியில், இவ்விரு நிறுவனங்களின் சிந்தசைசர்கள் மிடி வடத்தால் இணைத்துக் காட்டப்பட்டன. அதே ஆண்டில் மிடி 1.0 சீர்தரம் வெளியானது. இப்பணிக்காகச் சிமித், காக்கேஹாஷி ஆகிய இருவருக்கும் 2013 ஆம் ஆண்டில் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது வழங்கப்பட்டது.

மிடி சீர்தரம் ஐந்து முனைகளைக் கொண்ட டின் இணைப்பியைத் தேர்ந்தெடுத்தது. டின் என்பது செருமானியத் தரநிறுவனத்தின் பெயர்ச்சுருக்கம் ஆகும். இவ்விணைப்பி அதற்கு முன்னரே வீட்டு ஒலிப்பதிவுக் கருவிகளில் பரவலாகப் பயன்பட்டு வந்தது. ஐபிஎம் நிறுவனம் 1981 ஆம் ஆண்டு வெளியிட்ட தனிமேசைக் கணினியின் விசைப்பலகையும் இதே வடிவ இணைப்பியையே கொண்டிருந்தது. அவ்விசைப்பலகைக்கு வேண்டிய 5 வோல்ட் மின்சாரமும் அதே வடத்தின் வழியாகவே சென்றது. அதாவது, டின் வடத்தில் செய்தியுடன் மின்சாரத்தையும் அனுப்புதல் என்னும் கருத்து மிடிக்கு முன்பே நடைமுறையில் இருந்தது. ஆயினும் மிடி சீர்தரம் மின்வழங்கலைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு கருவியும் தனக்குரிய மின்சாரத்தைத் தானே பெறும் என்னும் எடுகோளிலேயே அது அமைக்கப்பட்டது.

முனைகளின் அமைப்பு

ஐந்து முனை டின் இணைப்பியில் முனைகள் ஓர் அரைவட்டத்தில் அமைந்துள்ளன. அவற்றின் எண்கள் வரிசையாக இருப்பதில்லை. ஓர் ஓரத்தில் இருந்து மறு ஓரம் வரை 1, 4, 2, 5, 3 என்ற ஒழுங்கில் அமைந்திருக்கும். மிடியில் அவற்றின் பயன்பாடு பின்வருமாறு:

- 1 ஆம் முனை: பயன்பாடு இல்லை.
- 2 ஆம் முனை: வடத்தின் காப்புறை. அனுப்பும் கருவியில் மட்டும் தரையுடன் இணைக்கப்படும்.
- 3 ஆம் முனை: பயன்பாடு இல்லை.
- 4 ஆம் முனை: மின்னோட்டத்தின் மூலம். 5 வோல்ட் மின்னழுத்தத்துடன் 220 ஓம் மின்தடையத்தின் வழியாக இணைக்கப்படும்.
- 5 ஆம் முனை: செய்தி. அனுப்பும் சுற்றுடன் மற்றொரு 220 ஓம் மின்தடையத்தின் வழியாக இணைக்கப்படும்.

1, 3 ஆகிய முனைகளை இணைக்காமல் விடவேண்டும் எனச் சீர்தரம் கூறுகின்றது. ஓரங்களில் உள்ள இவ்விரு முனைகளே வடவழி மின்வழங்கலுக்கு இடமளிப்பவை ஆகும்.

செய்தி செல்லும் விதம்

மின்சாரத்தைச் சேர்த்து அனுப்பினாலும் செய்தி ஏன் கெடுவதில்லை என்பதை அறிய, மிடியின் மின்சுற்றைப் புரிந்துகொள்ளுதல் வேண்டும்.

மிடி ஒரு மின்னோட்டக் கண்ணி ஆகும். 4 ஆம் முனையில் இருந்து புறப்படும் மின்னோட்டம் பெறும் கருவியில் உள்ள ஒளிப்பிணைப்பியின் ஊடாகச் சென்று 5 ஆம் முனை வழியே திரும்புகின்றது. ஒளிப்பிணைப்பி என்பது ஓர் ஒளியுமிழ் இருமுனையத்தையும் ஓர் ஒளியுணரியையும் ஒரே உறைக்குள் எதிரெதிரே வைத்த சில்லு ஆகும். மின்னோட்டம் செல்லும்போது இருமுனையம் ஒளிர்கின்றது. மறுபுறம் உள்ள உணரி அவ்வொளியைக் கண்டறிகின்றது. இரு பக்கங்களுக்கும் இடையே ஒளியைத் தவிர வேறு தொடர்பு இல்லை.

அனுப்பும் பக்கத்தில் இரண்டும் பெறும் பக்கத்தில் ஒன்றுமாக மொத்தம் மூன்று 220 ஓம் மின்தடையங்கள் பாதையில் உள்ளன. இவற்றின் கூட்டுத்தொகை 660 ஓம். இருமுனையத்தில் ஏறத்தாழ 1.4 வோல்ட் இழக்கப்படுவதால், மீதமுள்ள 3.6 வோல்ட் 660 ஓம் வழியே ஏறத்தாழ 5 மில்லிஆம்பியர் மின்னோட்டத்தைச் செலுத்துகின்றது. மின்னோட்டம் இருந்தால் 0, இல்லாவிட்டால் 1. செய்தி எதுவும் இல்லாத ஓய்வு நிலையில் மின்னோட்டம் இருப்பதில்லை.

செய்தியின் வேகம் நொடிக்கு 31,250 பிட்கள் ஆகும். ஒவ்வொரு பைட்டும் தொடக்க பிட், 8 தரவு பிட்கள், நிறுத்த பிட் என 10 பிட்களாகச் செல்வதால், ஒரு பைட்டுக்கு 320 மைக்ரோநொடி ஆகின்றது. கால்மிதிக் கட்டுப்படுத்தி ஒலிவகையை மாற்ற அனுப்பும் கட்டளை இரண்டு பைட்டுகளே கொண்டது; அது 640 மைக்ரோநொடியில் சென்று சேர்ந்துவிடும்.

செய்தி என்பது 4, 5 முனைகளுக்கு இடையே ஓடும் மின்னோட்டமே அன்றித் தரையை ஒப்பிட்டு அளக்கப்படும் மின்னழுத்தம் அன்று. எனவே அருகில் உள்ள மின்வழங்கல் கம்பிகளில் மின்னழுத்தம் சிறிது ஏறி இறங்கினாலும் செய்தி பாதிக்கப்படுவதில்லை. வடவழி மின்வழங்கல் நடைமுறையில் இயலக்கூடியதாக இருப்பதற்கு இதுவே அடிப்படைக் காரணம் ஆகும்.

மின்வழங்கும் முறைகள்

மிடி வடத்தின் வழியே மின்சாரம் பெறுவதற்கு மூன்று வழிகள் உள்ளன.

1, 3 முனைகளின் வழியே

ஐந்து முனை வடத்தில் வேலையின்றி உள்ள இரு கம்பிகளையும் பயன்படுத்துவது முதல் வழி ஆகும். இதற்கு வடத்தில் ஐந்து கம்பிகளும் இருத்தல் வேண்டும். மிடிக்கு மூன்று கம்பிகளே போதுமானவை என்பதால், கடைகளில் கிடைக்கும் பல மிடி வடங்களில் ஒரு முறுக்கிய இணைக்கம்பியும் காப்புறையும் மட்டுமே இருக்கும். அவற்றின் செருகியில் 1, 3 முனைகள் கண்ணுக்குத் தெரிந்தாலும் உள்ளே அவற்றுடன் எதுவும் இணைக்கப்பட்டிராது. செருகியைப் பார்த்து வடத்தை மதிப்பிட இயலாது.

ஏழு முனை இணைப்பியின் வழியே

ஏழு முனை டின் இணைப்பியில், ஐந்து முனை இணைப்பியின் அதே ஐந்து முனைகளும் அதே இடங்களில் உள்ளன. அவற்றின் இரு ஓரங்களிலும் 6, 7 ஆகிய முனைகள் கூடுதலாகச் சேர்க்கப்பட்டுள்ளன. ஆகவே ஏழு துளைச் சாக்கெட்டில் வழக்கமான ஐந்து முனைச் செருகியையும் செருகலாம். செய்தி தடையின்றிச் செல்லும், மின்சாரம் மட்டும் செல்லாது. ஆனால் ஏழு முனைச் செருகியை ஐந்து துளைச் சாக்கெட்டில் செருக இயலாது. மின்சாரம் ஏற்றப்பட்ட 6, 7 முனைகள் தவறான கருவியைத் தொடுவதற்கு வாய்ப்பில்லாமல் இணைப்பியின் வடிவமே தடுக்கின்றது.

ராக்ட்ரான், வூடூ லேப், ஃபிராக்டல் ஆடியோ முதலிய கிதார் சாதன நிறுவனங்கள் தம் தயாரிப்புகள் சிலவற்றில் இம்முறையைக் கையாண்டுள்ளன. ரேக்கில் பொருத்தப்படும் கருவியின் பின்புறத்தில் ஃபேண்டம் பவர் எனக் குறிக்கப்பட்ட தனிச் சாக்கெட் ஒன்று இருக்கும். கால்மிதியின் அடாப்டரை அதில் செருகினால், அம்மின்சாரம் ஏழு முனைச் சாக்கெட்டின் 6, 7 முனைகளுக்குச் சென்று, வடத்தின் வழியே கால்மிதியை அடையும்.

இங்கு செய்தியும் மின்சாரமும் எதிரெதிர்த் திசைகளில் செல்வதைக் கவனிக்கலாம். செய்தி கால்மிதியில் இருந்து ரேக்கிற்கு வருகின்றது. மின்சாரம் ரேக்கில் இருந்து கால்மிதிக்குச் செல்கின்றது.

4, 2 முனைகளின் வழியே

மூன்றாவது வழியில் கூடுதல் கம்பி எதுவும் தேவைப்படுவதில்லை. 4 ஆம் முனை ஏற்கனவே 220 ஓம் மின்தடையத்தின் வழியாக 5 வோல்ட்டுடன் இணைந்துள்ளது. 2 ஆம் முனை தரையுடன் இணைந்துள்ளது. இவ்விரண்டுக்கும் இடையே இருந்து மிகச் சிறிதளவு மின்சாரத்தை எடுத்துக்கொள்ள இயலும். ஒட்டுண்ணியைப் போல் அனுப்பும் கருவியிடம் இருந்தே மின்சாரத்தைப் பெறுவதால் இது ஒட்டுண்ணி மின்வழங்கல் எனப்படுகின்றது.

இவ்வாறு பெறக்கூடிய திறன் மிகக் குறைவு. 5 மில்லிஆம்பியர் எடுத்தால் மின்தடையத்தில் 1.1 வோல்ட் இழக்கப்பட்டு 3.9 வோல்ட் எஞ்சும். கிடைக்கும் திறன் ஏறத்தாழ 20 மில்லிவாட். கோட்பாட்டளவில் பெறக்கூடிய உச்சத் திறன், மின்னழுத்தம் பாதியாகும்போது, அதாவது 2.5 வோல்ட், 11.4 மில்லிஆம்பியர் என்னும் நிலையில் ஏறத்தாழ 28 மில்லிவாட் ஆகும். செய்திகளை வடிகட்டுதல், பிரித்தல் போன்ற சிறு வேலைகளைச் செய்யும் நுண்கட்டுப்படுத்திக்கு இது போதும். மிடி சொல்யூசன்ஸ் நிறுவனத்தின் சிறு பெட்டிகள் தனி அடாப்டர் இன்றி மிடி இணைப்பில் இருந்தே மின்சாரம் பெற்று இயங்குபவை. ஆனால் 9 வோல்ட்டில் 300 மில்லிஆம்பியர், அதாவது 2.7 வாட் கேட்கும் கால்மிதிக்கு இது நூற்றில் ஒரு பங்கே ஆகும்.

ஒலிவாங்கி ஃபேண்டம் பவருடன் வேறுபாடு

ஃபேண்டம் பவர் என்னும் பெயர் ஒலிவாங்கித் துறையில் இருந்து வந்தது. மின்தேக்கி வகை ஒலிவாங்கிகளுக்கு 48 வோல்ட் வழங்கும் முறையை நியூமன் நிறுவனம் 1966 ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்தியது. அம்முறையில் ஒலிச் சைகையைக் கொண்டுசெல்லும் இரு கம்பிகளிலும் ஒரே அளவு நேர்திசை மின்னழுத்தம், தனித்தனி 6,800 ஓம் மின்தடையங்களின் வழியே ஏற்றப்படுகின்றது. இரு கம்பிகளுக்கும் இடையே வேறுபாடு இல்லாததால், சாதாரண ஒலிவாங்கி இணைக்கப்பட்டாலும் அதற்கு மின்சாரம் இருப்பதே தெரிவதில்லை. ஆவி போல் மறைந்திருப்பதால் அப்பெயர் ஏற்பட்டது.

மிடி வடவழி மின்வழங்கலில் மறைவு எதுவும் இல்லை. மின்சாரம் தனிக் கம்பிகளில் வெளிப்படையாகச் செல்கின்றது. ஒலிவாங்கி முறையில் தவறான இணைப்பு ஏற்பட்டாலும் 6,800 ஓம் மின்தடையங்கள் மின்னோட்டத்தை ஒருசில மில்லிஆம்பியருக்குள் கட்டுப்படுத்திவிடும். மிடி வடத்தில் அத்தகைய தடை இல்லாததால், அடாப்டரின் முழு மின்னோட்டமும் பழுதான இடத்தின் ஊடாகப் பாயக்கூடும். பெயர் ஒன்றாயினும் பாதுகாப்பு ஒன்றன்று.

வடத்தில் ஏற்படும் மின்னழுத்த இழப்பு

மிடி வடத்தின் கம்பிகள் செய்திக்காக வடிவமைக்கப்பட்டவை, மிகவும் மெல்லியவை. மின்சாரம் போகும் கம்பி, திரும்பும் கம்பி ஆகிய இரண்டிலும் மின்னழுத்தம் இழக்கப்படுவதால், வடத்தின் நீளத்தை இரட்டிப்பாக்கியே கணக்கிடல் வேண்டும். 300 மில்லிஆம்பியர் மின்னோட்டத்தில், செப்புக் கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்து ஏற்படும் இழப்பு பின்வருமாறு:

- 0.20 சதுர மில்லிமீட்டர் கம்பி: 6 மீட்டர் வடத்தில் 0.3 வோல்ட், 15 மீட்டர் வடத்தில் 0.76 வோல்ட்.
- 0.13 சதுர மில்லிமீட்டர் கம்பி: 6 மீட்டர் வடத்தில் 0.48 வோல்ட், 15 மீட்டர் வடத்தில் 1.2 வோல்ட்.
- 0.08 சதுர மில்லிமீட்டர் கம்பி: 6 மீட்டர் வடத்தில் 0.77 வோல்ட், 15 மீட்டர் வடத்தில் 1.9 வோல்ட்.

15 மீட்டர் என்பது மிடி சீர்தரம் ஒரு வடத்துக்கு அனுமதிக்கும் உச்ச நீளம் ஆகும்.

எடுத்துக்காட்டாக, உள்ளே 7805 வகை மின்னழுத்தச் சீராக்கியும் பால அலைதிருத்தியும் கொண்ட ஒரு கால்மிதிக்கு 9 வோல்ட் நேர்திசை அடாப்டரில் இருந்து மின்சாரம் வழங்கப்படுவதாகக் கொள்வோம். 7805 சில்லு 5 வோல்ட்டைச் சீராகத் தருவதற்கு அதன் உள்ளீட்டில் ஏறத்தாழ 7 வோல்ட் இருத்தல் வேண்டும். பால அலைதிருத்தியில் ஏறத்தாழ 1.4 வோல்ட் இழக்கப்படும். 9 வோல்ட்டில் இவை போக, வடம் இழக்கக்கூடிய அளவு 0.6 வோல்ட் மட்டுமே. 300 மில்லிஆம்பியரில் இது 2 ஓம் மின்தடைக்குச் சமம். 0.13 சதுர மில்லிமீட்டர் கம்பியில் இது ஏறத்தாழ 7 மீட்டர் நீளத்திலேயே எட்டப்பட்டுவிடும்.

இங்கு ஒரு நுட்பமான இடர் உள்ளது. கால்மிதி எப்போதும் ஒரே அளவு மின்னோட்டம் எடுப்பதில்லை. ஓரிரு விளக்குகள் மட்டும் எரியும்போது குறைவாகவும், எல்லா விளக்குகளும் திரையும் ஒளிரும்போது மிகுதியாகவும் எடுக்கும். வீட்டில் 3 மீட்டர் வடத்துடன் நன்றாக இயங்கிய அமைப்பு, மேடையில் 15 மீட்டர் வடத்துடன் தொடங்கும்போதும் சரியாக இருப்பதாகவே தோன்றலாம். பின்னர் ஒரு பாடலின் நடுவே பல விளக்குகள் ஒருசேர எரிந்ததும் மின்னழுத்தம் தாழ்ந்து, உள்ளிருக்கும் நுண்கட்டுப்படுத்தி தன்னைத்தானே மீளத் தொடங்கிக்கொள்ளும். அந்நேரத்தில் கலைஞர் மிதிக்கும் கட்டளைகள் ரேக்கைச் சென்று சேரா. ஆகவே நிகழ்ச்சியில் பயன்படுத்தப்போகும் அதே வடத்துடன், எல்லா விளக்குகளையும் எரியவிட்டு, கால்மிதியின் முனையில் மின்னழுத்தத்தை அளந்து பார்ப்பதே சரியான சோதனை ஆகும்.

கருவி ஏற்குமாயின், 9 வோல்ட்டுக்குப் பதிலாக 12 வோல்ட் வழங்குதல் இவ்விடரைப் பெரிதும் குறைக்கும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் வடம் இழக்கக்கூடிய அளவு 0.6 வோல்ட்டில் இருந்து 3.6 வோல்ட்டாக உயர்கின்றது. எனினும் கூடுதல் மின்னழுத்தம் சீராக்கியில் வெப்பமாக மாறும். 6 மீட்டர் வடத்தில் அதன் உள்ளீட்டில் ஏறத்தாழ 10.1 வோல்ட் இருக்கும். 300 மில்லிஆம்பியரில் 1.5 வாட் வெப்பம் உண்டாகும். எனவே சில்லுக்கு வெப்பத்தகடு பொருத்துதல் வேண்டும்.

சில கால்மிதிகள் 9 வோல்ட் மாறுதிசை அடாப்டரைக் கொண்டவை. மாறுதிசை மின்சாரத்துக்கு நேர், எதிர் என்ற வேறுபாடு இல்லாததால் கம்பிகள் இடம்மாறினாலும் தீங்கில்லை. அலைதிருத்திக்குப் பின் மின்தேக்கி உச்ச மின்னழுத்தத்தைத் தேக்கிவைப்பதால், சுமை குறைவாக உள்ளபோது ஏறத்தாழ 11 வோல்ட் கிடைக்கும். ஆனால் இவ்வடத்தை ஒலி வடங்களுடன் சேர்த்துக் கட்டினால் மின்வழங்கலின் ஒலியெண்ணில் இரைச்சல் தூண்டப்படலாம்.

மின் தனிமைப்படுத்தலும் இரைச்சலும்

மிடியில் ஒளிப்பிணைப்பி வைக்கப்பட்டதற்கும், பெறும் கருவியில் 2 ஆம் முனை தரையுடன் இணைக்கப்படாததற்கும் காரணம் ஒன்றே. இரு கருவிகளின் தரைகளும் ஏற்கனவே ஒலி வடத்தின் காப்புறை வழியாக இணைந்திருக்கும். மிடி வடமும் அவற்றை இணைத்தால் ஒரு மூடிய வளையம் உருவாகும். இதனைத் தரைக்கண்ணி என்பர். இவ்வளையத்தில் ஓடும் சிறு மின்னோட்டங்கள் ஒலிபெருக்கியில் உறுமலாகக் கேட்கும்.

வடவழி மின்வழங்கல் இத்தனிமைப்படுத்தலை முறித்துவிடலாம். இதில் மூன்று நிலைகளை வேறுபடுத்திக் காணவேண்டும்.

முதலாவது, தனி அடாப்டரின் இரு கம்பிகளும் ரேக் கருவியின் உட்சுற்றைத் தொடாமல் நேராக மின்வழங்கல் முனைகளுக்குச் செல்வது. இந்நிலையில் கால்மிதியின் தரை மிதந்து நிற்கின்றது, தனிமைப்படுத்தல் குலைவதில்லை. இதுவே விரும்பத்தக்க அமைப்பு ஆகும்.

இரண்டாவது, ரேக் கருவியின் உள்ளிருக்கும் மின்வழங்கியில் இருந்தே மின்சாரத்தைப் பிரித்தெடுப்பது. இப்போது இரு தரைகளும் இணைந்துவிடுகின்றன. எனினும் கால்மிதிக்கு வேறு இணைப்பு எதுவும் இல்லாதவரை வளையம் மூடப்படுவதில்லை, இரைச்சலும் எழுவதில்லை.

மூன்றாவது, இரண்டாம் நிலையில் உள்ள கால்மிதியில் இருந்து மேலும் ஒரு வடம் ஒலிபெருக்கிக்கோ வேறு கருவிக்கோ செல்வது. ரேக், கால்மிதி, ஒலிபெருக்கி ஆகிய மூன்றும் சேர்ந்து வளையத்தை மூடிவிடுகின்றன. திடீரென்று உறுமல் தோன்றினால் முதலில் ஆராய வேண்டியது இதனையே.

ஒரு கம்பியைச் சேமிக்கும் எண்ணத்துடன் 2 ஆம் முனையின் காப்புறையையே மின்சாரம் திரும்பும் பாதையாகப் பயன்படுத்துதல் தவறாகும். பெறும் கருவியில் அம்முனை இணைக்கப்படாதிருத்தலே முறை. அதனை இணைத்தால் தனிமைப்படுத்தல் போவதுடன், காப்புறையில் மின்வழங்கலின் மின்னோட்டமும் ஓடத் தொடங்கும்.

தவறான இணைப்பால் விளையும் தீங்குகள்

ஐந்து முனை டின் சாக்கெட் உள்ள கருவிகள் எல்லாம் மிடிக் கருவிகள் அல்ல. மிடி தோன்றுவதற்கு முன் ரோலண்ட் நிறுவனம் தன் தாளக் கருவிகளை ஒத்திசைக்க இதே சாக்கெட்டைப் பயன்படுத்தியது. டின் சிங்க் எனப்படும் அம்முறையில் 1 ஆம் முனை தொடக்க நிறுத்தச் சைகையையும், 3 ஆம் முனை கடிகாரத் துடிப்பையும் கொண்டுசெல்கின்றன. 1980 ஆம் ஆண்டின் டிஆர்-808, 1981 ஆம் ஆண்டின் டிஆர்-606 ஆகிய புகழ்பெற்ற கருவிகள் இம்முறையைக் கொண்டவை. 1983 ஆம் ஆண்டின் டிஆர்-909 கருவியில் மிடி, டின் சிங்க் ஆகிய இரண்டுக்கும் ஒரே வடிவச் சாக்கெட்டுகள் உள்ளன. 1, 3 முனைகளில் 9 வோல்ட் ஏற்றப்பட்ட வடத்தை, 5 வோல்ட் சைகைகளுக்காக அமைந்த டின் சிங்க் சாக்கெட்டில் தவறுதலாகச் செருகினால், மின்சாரம் நேராக அக்கருவியின் சைகைச் சுற்றில் பாயும். இவற்றின் உதிரிப்பாகங்கள் எளிதில் கிடைப்பவை அல்ல.

செருகியைப் பற்றவைக்கும்போது ஏற்படும் பிழை மற்றோர் இடர் ஆகும். 1 ஆம் முனையும் 4 ஆம் முனையும் அடுத்தடுத்து உள்ளன. அவ்வாறே 3 ஆம் முனையும் 5 ஆம் முனையும். இரு பக்கங்களிலும் ஈயம் ஒட்டிக்கொண்டால், 9 வோல்ட் மின்னழுத்தம் பெறும் கருவியின் ஒளிப்பிணைப்பியை அடையும். 1.4 வோல்ட் போக மீதமுள்ள 7.6 வோல்ட், 220 ஓம் மின்தடையத்தின் வழியே ஏறத்தாழ 35 மில்லிஆம்பியரைச் செலுத்தும். மிடியில் பரவலாகப் பயன்படும் 6என்138 ஒளிப்பிணைப்பி தாங்கக்கூடிய சராசரி மின்னோட்டம் 20 மில்லிஆம்பியர் மட்டுமே. அச்சில்லு உடனே பழுதாகாவிடினும் நாளடைவில் மங்கிவிடும்.

பாதுகாப்பு ஏற்பாடுகள்

இம்முறையைக் கையாளும்போது பின்வரும் ஏற்பாடுகள் மேற்கொள்ளப்படுகின்றன.

- புதிதாக அமைப்போர் 1, 3 முனைகளைவிட ஏழு முனை இணைப்பியைத் தெரிவுசெய்தல் நன்று.
- மின்சாரம் புறப்படும் இடத்தில் உருகி வைத்தல். குறுக்குச்சுற்று நீங்கியதும் தானே மீளும் வகை உருகி மேடைக்கு ஏற்றது. உருகியைக் கால்மிதியில் வைத்தால், நடுவழியில் வடம் நசுங்கிக் குறுக்குச்சுற்று ஏற்படும்போது அது பயன்படாது.
- கால்மிதியின் நுழைவாயிலில் பால அலைதிருத்தி வைத்தல். இதனால் கம்பிகள் இடம்மாறினாலும் தீங்கில்லை. மின்னழுத்த இழப்பு முக்கியமானால், 0.3 வோல்ட் அளவே இழக்கும் ஒற்றைச் சாட்கி இருமுனையத்தைத் தொடரில் வைக்கலாம். அப்போது கம்பிகள் இடம்மாறினால் கருவி இயங்காது, ஆனால் பழுதாகாது.
- கருவியின் உள்ளே 1, 3 முனைகள் ஏற்கனவே எங்கேனும் இணைக்கப்பட்டுள்ளனவா என முன்கூட்டியே பார்த்தல்.
- மின்சாரம் செல்லும் வடத்துக்கும் சாக்கெட்டுக்கும் தனி நிறத்தில் அடையாளம் இடுதல். மின்னழுத்தம், நேர் எதிர் முனைகள் ஆகியவற்றைச் சாக்கெட்டின் அருகே எழுதிவைத்தல்.
- அடாப்டரை நிறுத்திய பின்னரே வடத்தைச் செருகுதலும் கழற்றுதலும்.

வடத்தைச் சோதிக்க மல்டிமீட்டரின் தொடர்ச்சிச் சோதனை போதும். ஒரு முனைச் செருகியின் ஒவ்வொரு முனையும் மறுமுனையின் அதே எண் முனையுடன் மட்டுமே இணைந்திருத்தல் வேண்டும். 1, 3 முனைகளில் தொடர்ச்சி இல்லாவிடில் அவ்வடம் சாதாரண மிடிக்கு மட்டும் உகந்தது. அவை 2 ஆம் முனையுடனோ ஒன்றோடொன்றோ இணைந்திருந்தால் அவ்வடத்தில் மின்சாரம் ஏற்றலாகாது.

ஈதர்நெட் மின்வழங்கலுடன் ஒப்பீடு

கணினி வலையமைப்புகளிலும் இதே எண்ணம் தோன்றியது. ஈதர்நெட் வடத்தில் உள்ள நான்கு இணைக்கம்பிகளில், நொடிக்கு 100 மெகாபிட் வரையிலான வேகங்களுக்கு இரண்டே போதும். எஞ்சிய இரண்டின் வழியே மின்சாரம் அனுப்புவதை 2003 ஆம் ஆண்டின் 802.3ஏஎஃப் சீர்தரம் ஒரு வழியாக ஏற்றுக்கொண்டது. மின்வழங்கும் முனையில் 15.4 வாட் வரை அது அனுமதித்தது.

இரண்டுக்கும் இடையே உள்ள பெரும் வேறுபாடு, ஈதர்நெட் முதலில் கேட்டுவிட்டே கொடுக்கின்றது என்பதாகும். மின்வழங்கும் கருவி முதலில் 10 வோல்ட்டுக்கு மேற்படாத சிறு மின்னழுத்தத்தால் மறுமுனையைச் சோதிக்கும். அங்கு ஏறத்தாழ 25,000 ஓம் என்னும் அடையாள மின்தடை தென்பட்டால் மட்டுமே முழு மின்னழுத்தத்தையும் ஏற்றும். மிடி வடவழி மின்வழங்கலில் இத்தகைய உசாவல் இல்லை. மறுமுனையில் இருப்பது கால்மிதியா, பழைய தாளக் கருவியா என்பதை அறியாமலேயே மின்சாரம் நிற்கின்றது. சீர்தரம் ஒன்று இருப்பதன் பயன் இங்கு தெளிவாகின்றது.

பிற்கால மாற்றங்கள்

2014 ஆம் ஆண்டில் மிடியின் மின்னியல் வரையறை திருத்தப்பட்டு, 3.3 வோல்ட் மின்னழுத்தத்தில் இயங்கும் கருவிகளும் ஏற்கப்பட்டன. அவற்றில் 4 ஆம் முனைக்கு 33 ஓம், 5 ஆம் முனைக்கு 10 ஓம் மின்தடையங்கள் பரிந்துரைக்கப்படுகின்றன. 5 வோல்ட்டை எதிர்பார்த்து வடிவமைக்கப்பட்ட ஒட்டுண்ணிக் கருவி, இத்தகைய கருவியுடன் இணையும்போது 3.3 வோல்ட்டுக்கு மேல் பெற இயலாது. ஆதலால் இயங்காமல் போகலாம்.

2018 ஆம் ஆண்டில், காதணிபேசிகளில் உள்ளதைப் போன்ற மூன்று தொடுமுனைச் செருகியும் மிடிக்கு ஏற்கப்பட்டது. அதன் மூன்று தொடுமுனைகளும் முறையே 5, 4, 2 முனைகளின் வேலையைச் செய்கின்றன. வேலையற்ற கம்பி எதுவும் இல்லாததால், இவ்விணைப்பியில் தனிக்கம்பி மின்வழங்கலுக்கு இடமில்லை. மேலும் இவ்வகைச் செருகி உள்ளே நழுவும்போது தொடுமுனைகள் ஒன்றையொன்று கணநேரம் தொடுகின்றன; மின்சாரம் ஏற்றுவதற்கு இது உகந்த வடிவமும் அன்று.

1999 ஆம் ஆண்டில் வரையறுக்கப்பட்ட யூஎஸ்பி வழி மிடியில், மின்சாரம் சீர்தரத்தின் பகுதியாகவே உள்ளது. யூஎஸ்பி 2.0 இணைப்பு 5 வோல்ட்டில் 500 மில்லிஆம்பியர் வரை வழங்கும். ஆனால் அதில் ஒளிப்பிணைப்பியின் தனிமைப்படுத்தல் இல்லை. வடத்தின் நீளமும் ஏறத்தாழ 5 மீட்டருக்குள் அடங்கும். 2015 ஆம் ஆண்டில் வரையறுக்கப்பட்ட புளூடூத் வழி மிடி கம்பியையே நீக்கிவிடுகின்றது. எனினும் கால்மிதிக்கு மின்கலம் தேவைப்படும். நீண்ட மேடையில், ஒரே வடத்தில், தனிமைப்படுத்தலையும் காத்து மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் தேவை உள்ள இடங்களில் ஏழு முனை டின் வடம் தனக்குரிய இடத்தைப் பெற்றுள்ளது.

இவற்றையும் பார்க்கவும்

- மிடி
- டின் இணைப்பி
- ஒளிப்பிணைப்பி
- தரைக்கண்ணி
- ஈதர்நெட் வழி மின்வழங்கல்
- ஒலிவாங்கி